இரவுப் பேருந்தில் சத்தம்: தட்டிக் கேட்க வேண்டியவர் பயணி அல்லர்

நிர்வாகக் குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

1. இந்த அறிக்கை ஏன்

திருகோணமலை – கொழும்பு இரவுச் சேவைகளில் சத்தம் தொடர்பாகத் தயாரிக்கப்பட்டுள்ள இணக்க வரைவில் எமது சங்கமும் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிட வேண்டும் என்று கேட்கப்பட்டுள்ளது. சத்தத்தைக் குறைக்கச் சொன்ன ஒரு பெண், ஓர் இரவு ஹபரணையில் தன் தாயாரோடு பேருந்திலிருந்து வீதியில் இறக்கிவிடப்பட்டார். அன்றிரவு என்ன நடந்தது, அவர்கள் எப்படி இறக்கிவிடப்பட்டார்கள், மறுநாள் பேருந்து நிலையத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உறுப்பினர்கள் அறிந்தவை. அவற்றை மீண்டும் இங்கே விவரிக்கவில்லை.

வரைவின் பெரும்பகுதியோடு எமக்குப் பிணக்கு இல்லை. அதைத் தயாரிக்க நேரம் ஒதுக்கியவர்களுக்கு நன்றி தெரிவிக்கிறோம். ஆனால் அதன் நான்காம் பந்தி, சத்தம் பற்றிய மனக்குறைகளைப் பயணிகள் தமக்குள் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பந்தி நீக்கப்படும்வரை எமது சங்கம் கையொப்பமிடாது.

2. எமது நிலைப்பாடு

இரவுப் பேருந்திலும் இரவுப் புகையிரதத்திலும் அமைதியைப் பேணுவது சேவையை நடத்துகிறவரின் கடமை. பேருந்தில் அது நடத்துனரின் பொறுப்பு. புகையிரதத்தில் அது காவலரின் பொறுப்பு. பயணி முறையிடலாம், முறையிடாமலும் இருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை என்பதால் சத்தத்துக்குச் சம்மதித்துவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாட்டுக்கோ பயணத்தின் மகிழ்ச்சிக்கோ நாங்கள் எதிரானவர்கள் அல்லர். பகல் சேவைகளில் நியாயமான அளவில் ஒலிக்கும் இசை பற்றி இந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை. குழந்தை அழுவதும் நோயாளி முனகுவதும் யாருடைய குற்றமும் அல்ல. அவை முறைப்பாட்டுக்கு உரியவையும் அல்ல. நாங்கள் பேசுவது இரவு 10 மணிக்குப் பிறகு பேருந்தின் ஸ்பீக்கரிலும் திரையிலும் ஓடவிடுவது பற்றி, காதில் ஹெட்போன் இல்லாமல் பயணிகள் கைத்தொலைபேசியில் போட்டுக் கேட்பது பற்றி, பெட்டி முழுவதையும் எழுப்பிவைக்கும் கூச்சல் பற்றி.

3. யார் கேட்பது?

குழு அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

எமது இரவுப் பேருந்தில் ஏறுகிறவர்கள் யார்? துறைமுகத்திலும் சீனன்குடா ஆலையிலும் வேலை முடித்து வருகிறவர்கள், பத்தரமுல்லைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போகிறவர்கள், விடியமுன் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டிய மத்திய கிழக்குத் தொழிலாளர்கள். இவர்களோடு, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் காலைக் கிளினிக் உள்ள புற்றுநோயாளிகளும் போகிறார்கள். காலையில் அங்கே இலக்கம் எடுக்க வேண்டுமென்றால் முதல்நாள் இரவே பஸ் ஏறியாக வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை அது.

அப்படிப் போகிற ஓர் அம்மாவை எமது உறுப்பினர்களில் பலர் பக்கத்து இருக்கையில் கண்டிருக்கிறார்கள். மடியில் ரிப்போர்ட் பை. வாந்தி வந்தால் பிடிக்க, விரலிடுக்கில் ஒரு பொலித்தீன் பை. ஜன்னல் கம்பியில் துவாயை நான்காக மடித்து வைத்துத் தலையைச் சாய்த்திருப்பார். தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். பின் இருக்கையில் ஒருவர் கைத்தொலைபேசியில் குறும் வீடியோக்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்; ஒவ்வொரு தள்ளலுக்கும் வேறொரு பாட்டு, வேறொரு சிரிப்பு. அம்மா கண்ணை மூடுவார். அடுத்த வீடியோவில் திறப்பார். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தும்வரை இதுதான். தேநீருக்குப் பிறகு படம் போடுவார்கள்.

1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி வைத்தியசாலையைச் சுற்றி 100 மீற்றர் அமைதி வலயம். இரவில் அங்கே 45 டெசிபலுக்கு மேல் கூடாது. அதாவது, அந்த அம்மா வைத்தியசாலை மதிலை நெருங்கியதும் சட்டம் அவருக்கு அமைதியைத் தருகிறது. அந்த மதிலை அடைய அவர் கடக்கும் இரவு முழுவதற்கும் யாரும் பொறுப்பில்லை. அவரைப் பார்த்துத்தான் நான்காம் பந்தி, எழுந்து போய்ப் பேசித் தீர்த்துக்கொள் என்கிறது. எழுந்து நிற்கவே தெம்பில்லாதவரிடம்!

அடுத்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இது தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே பஸ்ஸில் போகிற மாவட்டம். நள்ளிரவில், சிங்களம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் பின் இருக்கையில் இருக்கும் சிங்கள இளைஞர்களிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாத ஒரு சிங்களத் தாய் எமது பிள்ளைகள் போடும் கூச்சலைப் பார்த்து அதையே கேட்க வேண்டும். கேட்டால் என்ன நடக்கும்? "சத்தத்தைக் குறையுங்கள்" என்பது இரண்டே நிமிடத்தில் "நீ யார் எங்களுக்குச் சொல்ல" என்று ஆகிவிடும். அதன் பிறகு அது சத்தப் பிரச்சினையாக இராது. எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பது இதற்குப் பயந்துதான். அந்தப் பயத்தைத்தான் வரைவு எழுதியவர்கள் "சுமுகம்" என்று எண்ணிவிட்டார்கள்.

தனியே பயணிக்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம். கேட்டவரைச் சீண்டுவதும், சீண்டலைக் கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதும், இறங்கும்வரை கேலி பேசுவதும் எமது பெண் உறுப்பினர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அனுபவம். நடத்துனர் சொன்னால் அது பஸ்ஸின் விதி. அந்தப் பெண் சொன்னால் அவருடைய தனிப்பட்ட குறை. இந்த வித்தியாசம் புரியாதவர்கள் ஓர் இரவு எங்களோடு பயணம் செய்து பார்க்கட்டும்.

4. மற்ற இடங்களில் யார் பொறுப்பு

விமானத்தில் இதற்கான பதில் 60 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இலங்கையும் ஏற்றுக்கொண்டுள்ள 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கை, விமானத்தினுள் ஒழுங்கைக் காக்கும் அதிகாரத்தை விமானத் தலைவரிடம் கொடுக்கிறது. ஒழுங்கைக் குலைப்பவரைக் கட்டுப்படுத்த உதவுமாறு அவர் பணியாளர்களுக்குக் கட்டளையிடலாம். பயணிகளிடம் உதவி கேட்கலாம். ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. வானத்தில் பயணிக்கு இல்லாத கட்டாயத்தை ஹபரணைக் காட்டுப் பாதையில் ஏன் சுமத்துகிறீர்கள்?

இந்திய ரயில்வே 2022 ஜனவரியில், இரவு 10 மணிக்குப் பிறகு உரத்த பேச்சும் ஹெட்போன் இல்லாத இசையும் கூடாது என்று அறிவித்தபோது, அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை ரயில் பணியாளர்களிடமே கொடுத்தது. கர்நாடகாவில் 2021 நவம்பரில் அம்மாநில உயர் நீதிமன்றம், அரச பேருந்துகளில் கைத்தொலைபேசியைச் சத்தமாக ஒலிக்கவிடத் தடை விதித்தது. அங்கும் பயணியிடம் சொல்லும் வேலை பஸ் ஊழியருடையது. சொல்லியும் கேளாதவரை இறக்கிவிடலாம். இங்கே சத்தம் போட்டவர்கள் கொழும்புவரை போனார்கள். குறைக்கச் சொன்னவர்தான் இறக்கப்பட்டார்.

எமது நாட்டிலும் அடிப்படை இல்லாமல் இல்லை. 2007 நவம்பர் 9ஆம் திகதி உயர் நீதிமன்றம், வெலிகமவிலிருந்து வந்த வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்பதைப் பொதுவிதியாக்கியது. வீட்டில் படுத்திருப்பவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பின் நோக்கம், பணம் கொடுத்து இருக்கை பெற்றவரையும் எட்ட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். வீட்டில் இருப்பவராவது கதவை அடைக்கலாம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து எங்கே போவது?

5. எமக்குச் சொல்லப்பட்ட ஆட்சேபங்கள்

சாரதிக்குத் தூக்கம் வராமல் இருக்கப் பாட்டு வேண்டும் என்பது: சாரதியின் அருகில் அவருக்கு மட்டும் கேட்கும் அளவில் ஒலிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. பின் இருக்கையின் மேலுள்ள ஸ்பீக்கர் சாரதியை விழிப்பாக வைத்திருக்காது. பாட்டு நின்றால் தூங்கிவிடும் நிலையில் ஒருவர் சக்கரத்தைப் பிடித்திருந்தால், அவருக்குத் தேவை ஓய்வு. நெடுந்தூர இரவுச் சேவைக்குத் தேவை இரண்டாவது சாரதி. இதைச் சாரதிகளுக்காகவும் சொல்கிறோம்.

நடத்துனருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது: ஏற்கிறோம். தெளிவான விதியும் அதற்கு முதலாளியின் ஆதரவும் இருந்தால் அந்த வேலை குறையும்.

கூடுதல் கட்டணத்தில் தனியாக "அமைதிப் பஸ்" விடலாம் என்ற யோசனை: நிராகரிக்கிறோம். தூக்கம் சொகுசுப் பொருள் அல்ல.

சுற்றுலாக் குழுக்கள்: கோணேஸ்வரத்துக்கும் நிலாவெளிக்கும் வருகிறவர்களால் இந்த ஊரில் பலர் பிழைக்கிறார்கள். அவர்கள் மேளம் தட்டிப் பாடிக்கொண்டு வருவதை மதிக்கிறோம். இரவு 10 மணிக்குப் பிறகு அதே பெட்டியில் மற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதை அவர்களும் இயன்றவரை மதிக்க வேண்டும்.

அதிகாலையில் ஒலிக்கும் பக்திப் பாடல்களும் பிரித் ஓதலும்: இது பற்றிக் குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. இந்த அறிக்கை அதைத் தொடவில்லை. மூன்று சமூகப் பெரியோர்களோடும் பேசிய பின் தனியாக அறிவிப்போம்.

6. எமது கோரிக்கைகள்

அ. வரைவின் நான்காம் பந்தி நீக்கப்பட வேண்டும். அதற்குப் பதிலாக, "இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பேருந்தினுள் அமைதியைப் பேணுவது நடத்துனரின் கடமை" என்ற வாசகம் சேர்க்கப்பட வேண்டும். (6 மணி என்றே சிலர் வலியுறுத்தினர், உடன்பாட்டுக்காக 5 மணியை ஏற்றுள்ளோம்.)

ஆ. மாகாணங்களுக்கு இடையிலான சேவைகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, இதை அனுமதிப்பத்திர நிபந்தனையாகச் சேர்ப்பது பற்றிப் பரிசீலிக்க வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனது நடத்துனர்களுக்கு இதே அறிவுறுத்தலை வழங்க வேண்டும்.

இ. புறப்படும்போதும் இரவு 10 மணிக்கும் நடத்துனர் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்க வேண்டும். ஆணைக்குழுவின் 1955 என்ற முறைப்பாட்டு இலக்கம் இரு மொழிகளிலும் இருக்கைகளுக்குத் தெரியும்படி ஒட்டப்பட வேண்டும். தமிழில் முறையிடுகிறவருக்குத் தமிழிலேயே பதில் கிடைக்க வேண்டும்.

ஈ. இரவுப் புகையிரதத்தில் குறைந்தது ஒரு பெட்டியாவது, மூன்றாம் வகுப்பிலும்கூட, அமைதிப் பெட்டியாக ஒதுக்கப்பட வேண்டும். இதற்குக் கூடுதல் கட்டணம் அறவிடக் கூடாது.

உ. முறையிட்டதற்காக எந்தப் பயணியும் எந்த இடத்திலும் இறக்கிவிடப்படக் கூடாது. இதில் பேரம் இல்லை.

7. உறுப்பினர்களுக்கு

உங்கள் கைத்தொலைபேசியில் முதலில் சத்தத்தைக் குறையுங்கள். மற்றவரிடம் கேட்பதைச் சங்கத்தின் உறுப்பினர்களும் செய்தால்தான் கேட்கும் உரிமை எமக்கு இருக்கும். பஸ்ஸில் பிரச்சினை வந்தால் சக பயணியோடு வாக்குவாதப்பட வேண்டாம், நடத்துனரிடம் சொல்லுங்கள். அவர் தட்டிக்கழித்தால் பஸ் இலக்கம், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு 1955இல் முறையிடுங்கள். அதன் பிரதியைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். முதன்முறையாக வெளிநாட்டு விமானம் ஏறப்போகும் எமது ஊர்ப் பிள்ளைகளுக்கும் கைத்தொலைபேசியில் சத்தத்தைக் குறைக்கும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். தெரியாமல் செய்கிறவரை அங்கே யாரும் இழிவாகப் பேச இடம் வைக்க வேண்டாம்.

நான்காம் பந்தி நீக்கப்பட்டால் வெள்ளிக்கிழமைக்கு முன்னரே கையொப்பமிட எமது சங்கம் ஆயத்தமாக உள்ளது. நீக்கப்படாவிட்டால், இந்த அறிக்கையையும் உறுப்பினர்களிடமிருந்து சேர்த்த முறைப்பாடுகளையும் நேரடியாகத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் கையளிப்போம். ஹபரணையில் இறக்கிவிடப்பட்ட அந்தத் தாயும் மகளும் சம்மதித்தால், அந்தக் கோப்பின் முதல் முறைப்பாடு அவர்களுடையதாக இருக்கும்.

நிர்வாகக் குழுவின் சார்பில்
செயலாளர்
திருகோணமலை