வினாவும் செவியும்

வினாவுதல் எளிது, விடைக்குச் செவிகொடுத்தல் அரிது. எமது சர்வகலாசாலை மாணவர் சிலர் இன்று கடல் கடந்து சென்று, அந்நிய ஊர்களிலே வீடுவீடாக ஏறியிறங்கி ஆராய்ச்சிக்குத் தகவல் திரட்டுகின்றனர். வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆயினும் வினாக்கொத்தையும் ஒலிப்பதிவுக் கருவியையும் அவர் கையிலே கொடுத்தனுப்பும் ஆசிரியர்களாகிய நாம், கேட்கும் பக்குவத்தையும் கொடுத்தனுப்புகின்றோமா? இவ்வையம் எனது சொந்தப் பிழையொன்றிலிருந்து பிறந்தது.

1991ஆம் ஆண்டிலே நான் பிரித்தானியாவில் மாணவனாக இருந்தேன். தென் வேல்சின் பள்ளத்தாக்குகளிலே நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த காலம் அது. மேர்தர் வேல் சுரங்கம் 1989இல் மூடப்பட்டிருந்தது. வேலையிழந்த குடும்பங்களின் நிலையை அறிவதற்காக, நாற்பது வினாக்கள் அடங்கிய தாள்களுடன் அதனை அண்டிய அபர்வான் என்னும் ஊருக்குச் சென்றேன்.

மூதாட்டி ஒருவர் என்னை உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். ஏழாவது வினா, "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்பது. அதன் எதிரே சிறு கட்டமொன்று. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இருப்பவர்களை மட்டுமா சொல்லவேண்டும்?" என்று கேட்டார். "ஆம், அம்மா" என்றேன். "அப்படியானால் இரண்டு" என்றார். கட்டத்திலே இரண்டு என்று எழுதி, எட்டாவது வினாவுக்குச் சென்றேன். அதன்பின் எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லிலேயே விடை வந்தது. வேலை விரைவில் முடிந்ததென மகிழ்ந்தேன்.

வெளியே வந்தபோது மலைச்சரிவிலே வரிசையாக நின்ற வெண்ணிறக் கல்லறை வளைவுகள் கண்ணிற் பட்டன. அப்போதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் காலையில், மலைமேற் குவிக்கப்பட்டிருந்த சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து அவ்வூர்ப் பாடசாலையை மூடியது. இறந்தோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். இதனை நான் அறியாதவனல்லேன். நூலில் வாசித்தே சென்றிருந்தேன். ஆனால், வாசித்த செய்தியும் எதிரே அமர்ந்திருந்த தாயும் என் மனத்திலே ஒன்றுசேரவில்லை. தாளிலே இருந்த கட்டம் இடையே நின்று மறைத்துவிட்டது.

இன்னுமொன்று. பாடசாலைக்குப் பின்னால் குவியும் கழிவினால் ஆபத்து நேரலாமென்று 1963ஆம் ஆண்டிலேயே உள்ளூராட்சிப் பொறியியலாளர் எழுத்திலே எச்சரித்திருந்தார். செவிகொடுப்பார் இல்லை. விசாரணை மன்றம் 1967இல் தேசிய நிலக்கரிச் சபையின் மீதே பழியைச் சுமத்தியது. செவிகொடாமையினால் பிள்ளைகளை இழந்த ஊருக்கு, நானும் செவியின்றிச் சென்று மீண்டேன்.

ஆராய்ச்சியுலகின் பெரியோரும் இவ்விடரிலிருந்து தப்பினாரல்லர். மார்கரெற் மீட் 1925ஆம் ஆண்டிலே, 23 வயதில், சமோவாத் தீவுகளுக்குச் சென்று இளம்பெண்களை வினாவி, 1928இல் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்டார். அவர் மறைந்தபின், 1983இல், டெரெக் பிறீமன் என்பார், அப்பெண்கள் விளையாட்டாகக் கூறியவற்றை மீட் மெய்யென நம்பினாரென்று வாதிட்டார். பின்வந்தோர் பிறீமனின் சான்றுகளையும் வன்மையாக ஐயுற்றனர். யார் பக்கம் நியாயமுண்டு என்பது ஈண்டு எமது ஆராய்ச்சியன்று. சொல்லப்பட்ட சொல் வினையமா, வேடிக்கையா என்பதைக் குறிப்பேடு தானாகக் காட்டாது. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையிலிருந்த உறவே காட்டவேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

"இப்பொழுது ஒழுக்க விதிகள் உள, சம்மதப் பத்திரத்திலே கையொப்பம் பெற்றே வினாவுகின்றோம்" என்பர் சிலர். அவ்விதிகள் வேண்டியவையே, அவற்றை நான் இகழவில்லை. ஆனால் கையொப்பம் சர்வகலாசாலையைக் காக்கும். எதிரே இருப்பவரைக் காக்குமா? சம்மதம் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளன்று. ஒவ்வொரு வினாவுக்கும் முகத்தைப் பார்த்துப் பெறவேண்டியது அது.

வினாவப்படுவோரின் நிலை எமக்குப் புதிதுமன்று. செலிக்மன் தம்பதியர் எமது நாட்டு வேடரை ஆராய்ந்து 1911இல் நூல் வெளியிட்டனர். எட்மண்ட் லீச் 1954இல் புல் எலியாக் கிராமத்தை ஆராய்ந்தார். அவர் நூல் 1961இல் வந்தது. கற்றோர் போற்றும் நூல்கள் இவை. எனினும், தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அம்மக்களிலே எத்தனை பேர் தம் மொழியில் வாசித்திருப்பர்? இவ்வினாவை எழுப்பும் உரிமை எமக்குண்டு. ஆதலின், நாமே ஏடெடுத்துப் பிறர் வாயிலிலே நிற்கும்போது அதே வினா எம்மை நோக்கியும் எழும் என்பதை மறத்தலாகாது.

மாணவருக்கு நான் கூறுவது இதுவே. செல்லும் ஊரின் துயரத்தை முன்னரே கற்றுச் செல்லுங்கள். விடை தாமதித்தால், அடுத்த வினாவுக்கு ஓடாதீர்கள். அத்தாமதமே விடையாக இருத்தல் கூடும். எழுதியதை அவரிடம் மீட்டும் கொண்டுசென்று காட்டுங்கள்.

மறுவாரம் நான் தாளின்றி அம்மூதாட்டியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அன்று பிற்பகல் முழுதும் அவர் பேசினார். அவற்றை நான் எழுதவுமில்லை, ஆய்விலே சேர்க்கவுமில்லை. அவை எனக்குச் சொல்லப்பட்டவை, ஆராய்ச்சிக்குச் சொல்லப்பட்டவையல்ல. விடைபெறும்போது மட்டும் அவர் இசைவுடன் ஒரு திருத்தம் செய்தேன். ஏழாவது கட்டத்திலே இரண்டை வெட்டி, மூன்று என எழுதினேன்.