இந்தி என்னும் கூட்டுத்தொகை

இந்தியர்களில் 43.63 விழுக்காட்டினரின் தாய்மொழி இந்தி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தந்த இந்த எண், மொழி குறித்து எந்த விவாதம் எழுந்தாலும் முதல் ஆளாக வந்து அமர்ந்துவிடுகிறது. அதை மேற்கோள் காட்டுபவருக்கு அதற்குமேல் வாதம் தேவைப்படுவதில்லை. எதிர்ப்பவரும் எண்ணை ஏற்றுக்கொண்டே மேற்கொண்டு பேசத் தொடங்குகிறார். பிழை அங்கேயே நேர்ந்துவிடுகிறது.

அந்த 43.63 விழுக்காடு என்பது 52.83 கோடிப் பேர். அவர்களுள் கணக்கெடுப்பாளரிடம் தம் தாய்மொழி 'இந்தி' என்று சொன்னவர்கள் 32.22 கோடிப் பேர் மட்டுமே. அதாவது, நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 26.6 விழுக்காடு. எஞ்சிய இருபது கோடிக்கும் மேற்பட்டோர் வேறு பெயர்களைச் சொன்னார்கள். 5.05 கோடிப் பேர் போஜ்புரி என்றார்கள், 2.58 கோடிப் பேர் ராஜஸ்தானி என்றார்கள், 1.62 கோடிப் பேர் சத்தீஸ்கரி, 1.27 கோடிப் பேர் மகஹி, 80 லட்சம் பேர் கோர்ட்டா. இவற்றோடு ஹரியாண்வி, மார்வாடி, கட்வாலி, குமாவுனி என ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் 'இந்தி' என்ற தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டுள்ளன.

இதில் கணக்கெடுப்பாளர் மீது குற்றமில்லை. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி, சொல்லப்பட்ட பெயரை அப்படியே எழுத வேண்டும், அது மொழியா கிளைமொழியா என்று அவர் தீர்மானிக்கக் கூடாது என்பதே அவருக்குத் தரப்பட்ட அறிவுரை. 2011இல் அவ்வாறு எழுதப்பட்டு வந்த பெயர்கள் 19,569. அவை சீராக்கப்பட்டு 1,369 தாய்மொழிகளாகவும், பின்னர் தொகுக்கப்பட்டு 121 மொழிகளாகவும் சுருங்கின. முதல் சுருக்கம் இன்றியமையாதது. எழுத்துப் பிழைகளும் ஊர்ப்பெயர்களும் சாதிப்பெயர்களும் அந்தக் குவியலில் கலந்து கிடக்கும். இரண்டாவது சுருக்கம்தான் கேள்விக்குரியது. அது எந்த இலக்கண அளவுகோலின்படி நடந்தது?

மொழியியல் அளவுகோல் என்றால், அது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வேறு விடை தந்துவிட்டது. 1903 முதல் 1928 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்த தம் மொழி அளவீட்டில் கிரியர்சன் போஜ்புரியையும் மகஹியையும் மைதிலியையும் வங்காளம், ஒடியா, அசாமியம் ஆகியவை அடங்கிய கிழக்குக் குழுவில் வைத்தார். ராஜஸ்தானியைத் தனி மொழியாகக் கொண்டார். அவர் காலனிய அதிகாரி, பிரித்தாளவே பிரித்தார் என்போர் சுநீதி குமார் சாட்டர்ஜியைப் படிக்கலாம். வங்காள மொழியின் தோற்றம் குறித்து 1926இல் வெளிவந்த அவருடைய நூலும் இம்மூன்றையும் மாகத மரபில்தான் சேர்க்கிறது.

வகைப்பாட்டை விட்டுவிட்டு இலக்கணத்தைப் பார்த்தாலும் இதே விடைதான். இந்தியில் செயப்படுபொருள் குன்றா வினை இறந்தகாலத்தில் வரும்போது எழுவாய் 'நே' என்னும் உருபை ஏற்கிறது. வினை செயப்படுபொருளின் பாலோடு இயைகிறது. இந்தியின் முதுகெலும்பான இந்த அமைப்பு போஜ்புரியில் இல்லை. 'போனான்' என்பதற்கு இந்தி 'கயா' என்கிறது; போஜ்புரி 'கயில்' என்கிறது; வங்காளம் 'கேலோ' என்கிறது. 'போவேன்' என்பதற்குப் போஜ்புரியில் 'ஜாயிப்', வங்காளத்தில் 'ஜாபோ', இந்தியிலோ 'ஜாவூங்கா'. முதலாண்டு மாணவருக்கு இந்த மூன்று பத்திகளைக் கொடுத்துக் குழுப் பிரிக்கச் சொன்னால் போஜ்புரியை இந்தியோடு சேர்க்க மாட்டார்.

மறுபுறம் உருது. அன்றாடப் பேச்சில் இந்தியும் உருதும் ஒரே இலக்கணத்தைப் பகிர்பவை. வேறுபடுவது எழுத்தும் உயர்வழக்குச் சொற்களும்தான். எனினும் 5.07 கோடி உருதுக்காரர்கள் தனி வரிசையில் இருக்கிறார்கள், 5.05 கோடி போஜ்புரிக்காரர்கள் இந்திக்குள் இருக்கிறார்கள். உருது தனியாக நிற்பது சரியே, அதைப் பேசுவோர் அப்படித்தான் சொன்னார்கள். பேசுவோரின் சொல் உருதுக்குச் செல்லுமென்றால் போஜ்புரிக்கு மட்டும் ஏன் செல்லாது? இலக்கணம்தான் அளவுகோல் என்றால் பட்டியல் தலைகீழாகிவிடும். மக்களின் வாக்குமூலம்தான் அளவுகோல் என்றாலும் பட்டியல் நிற்காது.

அப்படியானால் பட்டியல் எதன்மேல் நிற்கிறது? மைதிலி அதைச் சொல்லிவிட்டது. 1991 கணக்கெடுப்பில் மைதிலி பேசிய 77 லட்சம் பேர் இந்தியின் கணக்கில் இருந்தார்கள். 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடுத்த கணக்கெடுப்பு நடந்தது. அதன் மொழி அட்டவணைகள் வெளிவருவதற்கு முன், 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தச் சட்டம் மைதிலியை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. அட்டவணைகள் வெளியானபோது 1.21 கோடி மைதிலியர் தனி மொழியினராக நின்றார்கள். வீடு தேடி வந்தவரிடம் அவர்கள் சொன்ன விடை மாறவில்லை, வினைத்திரிபு மாறவில்லை, தர்பங்காவில் ஒரு பாட்டியும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அரசியல் ஏற்பு வந்தது, மொழி ஆனது.

மொழிக்கும் கிளைமொழிக்கும் இடையே கறாரான கோடு கிடையாது, வட இந்தியச் சமவெளியில் பேச்சு ஊருக்கு ஊர் மெல்ல மாறிக்கொண்டே போகும் தொடர்ச்சி என்ற மறுப்பு வரும். உண்மைதான். ஆனால் கோடு கிடையாது என்பது, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டுவதற்கான உரிமமாகாது. அந்தத் தொடர்ச்சி பஞ்சாபியிலும் மைதிலியிலும் வெட்டப்படும்போது வெட்டலாம். போஜ்புரியில் மட்டும் வெட்டக் கூடாது என்பது மொழியியல் அன்று. ராஜஸ்தானிக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. சாகித்திய அகாதெமி அதைத் தனி மொழியாக ஏற்று 1974 முதல் விருது வழங்குகிறது. அதை எட்டாவது அட்டவணையில் சேர்க்கக் கோரி ராஜஸ்தான் சட்டமன்றம் 2003இல் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரே அரசின் ஓர் அலுவலகத்துக்கு அது மொழி. இன்னோர் அலுவலகத்துக்கு இந்தியின் துணைத்தலைப்பு.

இது அட்டவணைச் சண்டை மட்டுமாக இருந்தால் ஆய்விதழ்களோடு முடிந்துவிடும். அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரும் வசதியை ஏற்படுத்தச் சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. வீட்டில் போஜ்புரியோ மகஹியோ பேசிவிட்டு ஆறு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தையின் முன் இந்திப் பாடநூல் வைக்கப்படுகிறது. 'நே' எங்கே வரும், மேசை ஆண்பாலா பெண்பாலா என்பதில் அந்தக் குழந்தை தடுமாறுகிறது. தடுமாறும் இடத்தில் 'கொச்சை' என்று திருத்தப்படுகிறது. அட்டவணைப்படியோ அந்தக் குழந்தை தாய்மொழிவழிக் கல்விதான் பெறுகிறது. தீர்க்கவேண்டிய குறை ஏடுகளில் இல்லை என்பதால் தீர்ப்பதற்கும் எவருமில்லை.

43.63ஐ மறுக்க 26.6ஐ எடுத்து வீசும் தமிழ்நாட்டு மேடைகளுக்கும் இங்கே ஒரு சொல் உண்டு. இந்திக்குள் அடங்கியவர்களுக்காகக் கொதிக்கும் அந்த மேடைகளில், அதே கணக்கெடுப்பு நீலகிரியின் படகத்தைக் கன்னடத்துக்குள்ளும், எருகலாவையும் கைகாடியையும் தமிழுக்குள்ளும் அடைத்திருப்பது பேசப்படுவது அரிது. அளவில் பெரும் வேறுபாடு உண்டு, செயலில் இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கான அரசிதழ் அறிவிப்பு 2025 ஜூன் 16 அன்று வெளியானது; மார்ச் 2027 அதன் குறிப்புத் தேதி. சாதிவாரிக் கணக்கும் சேர்ந்திருப்பதால் விவாதமெல்லாம் அந்தப் பத்தியிலேயே குவிந்து கிடக்கிறது. இந்தக் கணக்கெடுப்பு முதன்முறையாகச் செயலி வழியே நடக்கவிருக்கிறது. விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஒரு மொழியின் பெயர் இல்லையென்றால், தொகுப்புக்கு வருமுன்பே அது காணாமல் போய்விடக்கூடும். ஆகவே அந்தப் பட்டியல் இப்போதே பொதுவில் வைக்கப்பட வேண்டும். தாய்மொழி அட்டவணை முதலில், தொகுப்பின்றி, மக்கள் சொன்ன பெயர்களோடு வெளியாக வேண்டும். அதன்பின் எந்த மொழியை எதற்குள் சேர்த்தாலும், சேர்த்ததற்கான இலக்கணக் காரணத்தைக் கொல்கத்தாவில் இயங்கும் மொழிப் பிரிவு எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். போஜ்புரிக்கான அந்த ஒரு பக்கத்தை வாசிக்க நாட்டின் மொழியியல் துறைகள் அனைத்தும் காத்திருக்கும்.