இறந்தவர் வாழ்ந்த ஏடுகள்

"இறந்து போனவனை ஒருவன் எப்படி, ஐயா, விலைக்கு வாங்கலாம்?" என்று சென்ற தவணை இறுதியில் மாணவன் ஒருவன் நம்மை வினவினான். ருஷ்ய ஆசிரியர் நிக்கொலாய் கோகொல் 1842 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறந்த ஆன்மாக்கள்' என்னும் நவீனம் அவன் கையில் இருந்தது. அக்கதையில் வரும் சிச்சிக்கோவ் என்பான் ஊரூராகச் சென்று, செத்துப்போன பண்ணையடிமைகளை நிலப்பிரபுக்களிடம் விலைபேசி வாங்குகின்றான். கதை சிரிப்பூட்டியதாம், கணக்குத்தான் விளங்கவில்லையாம். அன்று மணி அடித்துவிட்டபடியால் நாம் கூறிய விடை அரைகுறையாயிற்று. மிச்சத்தை இக்கிழமை எழுதுகின்றோம். ஏனெனில், கோகொல் எடுத்துக்கொண்ட அந்தக் கணக்கேட்டைத்தான், முன்னாட் சோவியத் நாடுகளிலே தம் பாட்டன் பூட்டனைத் தேடுவோர் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கின்றனர்.

மகா பீட்டர் மன்னன் தன் சேனையைப் பேணுவதற்குப் பணம் வேண்டி, 1718 ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தான். வரிகட்டும் வகுப்பைச் சேர்ந்த ஒவ்வோர் ஆண்மகனுக்கும் தலைவரி. கைக்குழந்தையாயினும், தள்ளாத கிழவனாயினும் ஆண் என்றால் ஒரு தலை. அவர்கள் வழக்கில் ஓர் 'ஆன்மா'. இவ்வரிக்கென ஊர்தோறும் வீடுவீடாகப் பெயர் எழுதினர். 'ரெவீசியா' எனப்பட்ட இத்தலைக்கணக்கு 1857-58 வரையிற் பத்துத் தடவை நடந்தது. இரண்டு கணக்குகளுக்கிடையிற் சிலவேளை பதினெட்டாண்டும் கழிந்ததுண்டு. இடையில் ஒருவன் இறந்தால் அடுத்த கணக்கு வரும்வரை அவன் ஏட்டில் உயிரோடிருந்தான். அவனுக்குரிய வரியும் கட்டப்பட்டது. சிச்சிக்கோவ் வாங்கியது இந்த ஏட்டுயிரைத்தான். ஏட்டில் உயிரோடிருக்கும் அடிமைகளை ஈடுவைத்துக் கடன் பெறலாம் என்பது அவன் தந்திரம்.

வமிசம் தேடுவோர்க்கு இவ்வேடு பெருஞ் செல்வம். இடப்பக்கத்தில் ஆண்கள்: முந்திய கணக்கில் இருந்த வயது, இடையில் நீங்கியவராயின் இன்ன ஆண்டில் இறந்தார் அல்லது இன்ன ஆண்டிற் படைக்குப் பிடிக்கப்பட்டார் என்னும் குறிப்பு, இப்போதைய வயது. வலப்பக்கத்திற் பெண்கள். ஆண்மகன் ஒருவனை 1858 இல் பிடித்தால், ஏணிப்படிபோல 1850, 1834 என்று பின்னோக்கி இறங்கலாம். பெண்களின் நிலை வேறு. வரியில்லாத உயிருக்கு மை எதற்கு என்பது எழுதியோர் எண்ணம் போலும். 1811 ஆம் ஆண்டுக் கணக்கிற் பெண்களின் பெயரே இல்லை. மணமுடித்து வேற்றூர் போன மகள், பல கணக்குகளிற் போன ஊர்கூடக் குறிக்கப்படாமல் ஏட்டினின்று மறைந்துவிடுவாள். தாய்வழியை நாடுவோர் கோயிலேடுகளைத்தான் சரண்புக வேண்டும்.

ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகிய மூன்றையும் பங்குக் குருமார் எழுதிவைக்க வேண்டுமென 1722 ஆம் ஆண்டிலே விதித்தனர். ஏடு இரண்டு படிகளாக எழுதப்பட்டது. ஒன்று கோயிலிலே கிடந்தது, மற்றது மேற்றிராசன அலுவலகம் சென்றது. இந்த இரண்டாம் படியே பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது; கோயில்கள் இடிக்கப்பட்ட காலத்தில் முதற்படிகள் பல அழிந்துபோயின அல்லவா? யூதர்க்கு அவர்தம் குருமார் எழுதிய ஏடுகள் உள. ஒருபக்கம் ருஷ்யம், எதிர்ப்பக்கம் எபிரேயம்.

இவ்வேடுகளைத் திறப்பவர் குடும்பப் பெயரை நம்பிப் போவாராயின் ஏமாறுவர். பண்ணையடிமைகளுட் பெரும்பாலார்க்குப் பழைய கணக்குகளிற் குடும்பப் பெயரே கிடையாது. 'பியோத்தரின் மகன் இவான்' என்றிருக்கும், அவ்வளவே. தகப்பன் பெயரைத் தம் பெயருக்கு முன் வைத்தெழுதும் நம்மவர்க்கு இது புதுமையன்று. ஆகவே ஊரின் பெயரும், அவ்வூர் எந்தக் கோயிலின் பங்கு என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். ஊர்ப் பெயரோ நிலையானதன்று. எக்கத்தரினோஸ்லாவ் என்ற நகரம் 1926 இல் தினீப்ரோபெத்ரோவ்ஸ்க் ஆகி, 2016 முதல் தினீப்ரோ எனப்படுகின்றது. (கசாக்கியரிடையே ஏழு தலைமுறைத் தந்தையர் பெயரைச் சிறுவர் மனப்பாடமாக ஒப்புவிக்கும் மரபுண்டு. ஏட்டையே நம்பாத மரபு. நமக்கு அதன்மேற் சிறிது பொறாமைகூட உண்டு.)

1917 டிசெம்பரில் வந்த ஆணையொன்று பிறப்பு இறப்புப் பதிவைக் குருமாரிடமிருந்து பறித்து அரசாங்கப் பதிவகத்திடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டில் நாட்காட்டியும் மாறிற்று: 1918 ஜனவரி 31 இன் மறுநாள் பெப்ரவரி 14. இதுவரை சொன்னவற்றை ஆங்கிலேயர், ஒல்லாந்தர் ஏடுகளிலே தேடிப் பழகிய எவரும் கற்றுக்கொள்ளலாம். இதன்பின் வருவது வேறு வகையானது.

புதிய ஆட்சியில் வேலைக்குச் சென்றாலும், கல்லூரிக்குச் சென்றாலும் ஒரு வினாத்தாளை நிரப்ப வேண்டும். புரட்சிக்கு முன் உன் தகப்பன் யாது தொழில் செய்தான்? நிலமிருந்ததா? கூலியாள் வைத்திருந்தானா? குருவின் மகன், வணிகனின் மகன், 'குலாக்' எனப்பட்ட வசதியுள்ள கமக்காரனின் மகன் ஆகியோர் உண்மை எழுதினால் வாழ்வு கெடும். 1930, 1931 ஆகிய இரண்டாண்டுகளில் மாத்திரம் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் குலாக்குகள் என்று குடும்பத்தோடு வடக்கேயும் சைபீரியாவுக்கும் பிறவிடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். கவிஞர் அலெக்சாந்தர் துவர்தோவ்ஸ்கியின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவர்களுள் அடங்குவர். இந்நிலையிற் பலர் பெயரை மாற்றினர், ஊரை மாற்றினர், படத்திலிருந்த தகப்பன் முகத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்தனர். பிள்ளைகளிடமும் வாய்திறக்கவில்லை. சுவடிக்கூடத்தில் ஏடு எரிந்தது ஒரு புறமிருக்க, வீட்டிலேயே தம் வேரைத் தாமே அறுத்துக்கொண்ட தலைமுறை அது. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

1937 ஜூலை இறுதியில் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவின் இரகசிய ஆணை ஒன்று புறப்பட்டது. அது தொட்டு 1938 முடியுமுன் சுடப்பட்டவர் தொகை, அவர்கள் கணக்கின்படியே, 6 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். வாயிலில் வந்து நின்ற மனைவியருக்கும் தாய்மாருக்கும் கூறப்பட்டது, "கடிதம் எழுதும் உரிமையின்றிப் பத்தாண்டுச் சிறை" என்பது. பத்தாண்டு கழிந்தது, ஆள் வரவில்லை. ஸ்டாலின் மறைந்தபின் கேள்விகள் பெருகின. 1955 இல் பாதுகாப்புக் குழு ஒரு வழி வகுத்தது. கைதான நாளிலிருந்து பத்தாண்டுக்குள் அடங்கும்படி ஒரு மரணத் தேதியையும், மாரடைப்பு, சுவாசப்பை அழற்சி என்றாற்போன்ற ஒரு நோயையும் கற்பித்து, பதிவகத்தில் முறையாகப் பதிவுசெய்து, குடும்பத்துக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் வழங்க வேண்டும் என்பதே அவ்வழி. முத்திரை மெய், கையொப்பம் மெய், உள்ளிருக்கும் செய்தி பொய்.

ஒடெஸ்ஸாவிற் பிறந்த எழுத்தாளர் இசாக் பாபெல் 1940 ஜனவரி 27 அன்று மொஸ்கோவிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்துக்குக் கிடைத்த பத்திரம் 1941 மார்ச் 17 என்றது. அந்தப் பொய்த் தேதியே பன்னெடுங்காலம் நூல்களில் அச்சாகி வந்தது. பேரெழுத்தாளர் ஒருவர்க்கே இதுவென்றால், பெயரறியாத கமக்காரன் கதி என்னாகும்?

நம் வீடுகளிலே ஒருவர் கண்மூடினால், அழுகை ஓயுமுன் பெரியவர் ஒருவர் பஞ்சாங்கத்தை எடுத்துத் திதி பார்ப்பார். எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் யாவும் அந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டே நடைபெறும். ருஷ்யக் கிறிஸ்தவரிடமும் மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள், ஆண்டு நினைவு என்னும் முறைகள் உண்டு. எத்தனை குடும்பங்கள், ஓர் அதிகாரி மேசையிலிருந்து கற்பித்த நாளில், மெழுகுதிரி ஏற்றித் தகப்பனுக்காக மன்றாடியிருக்கும்! எந்த நாளென்றும் அறியாமற் காத்திருக்கும் வீடுகள் நம் நாட்டிலும் உள. அவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

1963 இல் விதி சற்றே தளர்ந்தது. புதிதாகக் கேட்போர்க்கு உண்மைத் தேதி கூறப்பட்டது; மரண காரணத்துக்குரிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்து விட்டனர். 'சுடப்பட்டார்' என்ற சொல்லை எழுத 1989 வரை செல்ல வேண்டியிருந்தது. ஆகையால், தாத்தா 1943 இல் நோயால் இறந்தாரென்று பத்திரம் காட்டும் குடும்பத்தாரிடம், அனுபவமுள்ள சுவடி ஆய்வாளர் முதலிற் கேட்பது அவர் கைதான ஆண்டு எது என்பதே.

உண்மை இருக்குமிடம் விசாரணைக் கோப்பு. ருஷ்யாவில் 1991 ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றமற்றவரெனப் பின்னர் அறிவிக்கப்பட்டவரின் கோப்பை, உறவுமுறையை மெய்ப்பிக்கும் உறவினர் கேட்டுப் பார்க்கலாம். உக்ரேனில் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் சோவியத் அடக்குமுறை நிலையங்களின் சுவடிகளை யாவர்க்கும் திறந்துவிட்டது. 'மெமோரியல்' என்னும் சங்கம் பலியானோர் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயரைத் திரட்டி வெளியிட்டது; அச்சங்கத்தைக் கலைக்குமாறு ருஷ்ய உயர்நீதிமன்றம் 2021 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. ஏடுகளுக்கும் நெருப்புக்குமுள்ள பழைய பகையும் ஓயவில்லை. 2003 இல் உக்ரேனின் கமியனெத்ஸ் பொதில்ஸ்கி நகரச் சுவடிக்கூடம் தீப்பற்றியது. 2022 இல் போர் தொடங்கிய நாட்களில் செர்னிஹிவ் நகரிலிருந்த பாதுகாப்புச் சேவையின் சுவடிக்கூடம், அடக்குமுறைக் காலக் கோப்புகளோடு எரிந்தது. 1981 இல் யாழ்ப்பாணத்து நூலகத்துச் சாம்பலைக் கண்டவர்கள் நம் வாசகரிடையே பலர் இருப்பர்.

கோப்பு கைக்கு வந்தால் அதில் என்ன இருக்கும்? கைதாணை, வீட்டைச் சோதித்து எடுத்த பொருட்களின் பட்டியல், விசாரணைக் குறிப்புகள், மூவர் குழுவின் தீர்ப்பு, கடைசியாகத் தண்டனை நிறைவேற்றப்பட்டதென்னும் சிறு துண்டுத்தாள். சிலவற்றிலே சிறையில் எடுத்த ஒளிப்படமும் உண்டு. படங்களை வெட்டி எரித்த குடும்பத்துக்கு அதுவே தாத்தாவின் ஒரே முகம். ஆனால் வமிசம் தேடுபவர் முதலிற் புரட்ட வேண்டியது கைதியிடம் நிரப்பிய வினாத்தாளை. பிறந்த ஊர், தகப்பனின் தொழில், இருந்த நிலம், மனைவியின் பெயர், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரும் வயதும், உடன்பிறந்தார் வாழுமிடம் யாவும் அதில் உள. வீட்டிலே இரண்டு தலைமுறை மறைத்துவைத்த குடிவழி, கொன்றவர்களின் காகிதத்திற் பத்திரமாக இருந்தது. அந்த ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு கோயிலேட்டுக்குச் செல்லலாம். அங்கிருந்து பீட்டர் மன்னன் தொடக்கிய தலைக்கணக்குக்கு.

இவ்வளவையும் கேட்ட அம்மாணவன், "அப்படியானால் அந்தப் பழைய பொய்ப் பத்திரத்தை வாங்கிக் கிழித்துவிடுவார்களா, ஐயா?" என்றான். இல்லை, பலர் கிழிக்கவில்லை. ஒரே மனிதனுக்கு, 1937 இல் ஒன்றும் 1943 இல் ஒன்றுமாக இரண்டு மரண அத்தாட்சிப் பத்திரங்கள் அந்நாட்டு வீடுகளிலே ஒரே உறையினுட் கிடக்கின்றன.