வாசலில் பூக்கட்டும் வெங்காயம்

"வெங்காயம் கறிச்சட்டிக்கு. வாசல்ல வைக்க வேற பூவா இல்ல?" நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து லயங்களில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மனசு பொறுக்கவில்லை. இஸ்தோப்புக்கு முன்னால் கிடக்கிற நாலடி மண்தான் நம்முடைய பூந்தோட்டம். சோற்றுக்கும் கண்ணுக்கும் சேர்த்து உதவுகிற செடியை அங்கிருந்து விரட்டுவது நியாயமே இல்லை.

நாறும் என்கிறார்கள். வெங்காயச் செடி சும்மா நின்றால் நாறாது. நெடிக்கான கந்தகப் பொருளும் அதை உடைக்கிற நொதியும் இலைக்குள் தனித்தனியாக இருக்கின்றன. கசக்கினால், நறுக்கினால்தான் இரண்டும் கலக்கும். என் வாசலில் பழைய பெயின்ட் வாளியில் சைனீஸ் சைவ்ஸ் நிற்கிறது. புல் மாதிரித் தட்டை இலை, கிள்ளினால் வெள்ளைப்பூண்டு வாசம். தண்டின் நுனியில் மெல்லிய தோலுறை கிழிந்து, வெள்ளை நட்சத்திரங்கள் ஒரே கொத்தாக விரியும். பூவுக்கு ஆறு இதழ். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் இழுத்தாற்போல ஒரு பச்சைக் கோடு. முகர்ந்து பார்த்தால் லேசான இனிப்பு வாசம்தான். தேனீக்கு இது எப்போதோ தெரியும்.

குளிர்நாட்டுச் செடி, நம் மழைக்கு அழுகிவிடும் என்பது அடுத்த பேச்சு. இதில் பாதி உண்மை. படங்களில் பார்க்கிற, பந்து போன்ற ஊதாப் பூ விடும் அல்லியம் ஜைகாண்டியம் மத்திய ஆசியாவின் காட்டுச் செடி. அதற்குக் கடும் குளிரும் வறண்ட கோடையும் வேண்டும். மே மாதம் தொடங்கும் நம் தென்மேல் பருவமழையில் கிழங்கு தாங்காது. ஆனால் வெங்காய இனத்தில் 900-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. சைனீஸ் சைவ்ஸ் தாய்லாந்துச் சூட்டிலேயே பூக்கிறது. அல்லியம் ஹூக்கரி என்ற இன்னொன்றுக்குத் தாவரவியல் பெயர் கிடைத்ததே நம் தீவின் செடிகளைப் பற்றிய நூலில்தான். பேராதனைத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த துவைட்ஸ் 1864-இல் அந்தப் பெயரை வெளியிட்டார். வெள்ளைப் பூவும் சதைப்பற்றான வேரும் கொண்ட இந்தச் செடியை மணிப்பூர்க்காரர்கள் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துச் சமைக்கிறார்கள்.

"அப்படியென்றால் பங்களாவில் நிற்கிற நீலப் பூவும் வெங்காயம்தானே?" இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் நிறையப் பார்க்கிற அந்த நீலப் பூ அகபாந்தஸ், தென்னாப்பிரிக்காச் செடி. வெங்காயத்துக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். அதன் சாறு வாயைப் புண்ணாக்கும். மழை பெய்த கையோடு பூக்கிற ரெயின் லில்லியின் கிழங்கு பார்வைக்குச் சின்ன வெங்காயமேதான். ஆனால் அதில் லைக்கோரின் என்ற நஞ்சு உண்டு, தின்றால் வாந்தி எடுக்கும். இலையைக் கசக்கும்போது வெங்காய வாசமோ பூண்டு வாசமோ வராவிட்டால் வாயில் வைக்கவே கூடாது. ஆனால் கையில் ஏற்கெனவே பூண்டு வாசம் இருந்தால் மூக்கு ஏமாறும். ஆகவே சைவ்ஸையும் லில்லியையும் ஒரே பாத்தியில் கலந்து நடாதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம் கூடாது.

பூத்துவிட்டால் செடி வீண் என்பதும் சைவ்ஸுக்குப் பொருந்தாது. மொட்டும் தண்டுமாகவே சீனர்கள் வதக்கிச் சாப்பிடுகிறார்கள். பூத்த தூரும் சாகாது, பக்கத்தில் கிளை வைக்கும்.

வாளியின் அடியில் ஓட்டை போட்டு, சரளைக்கல் பரப்பி, மண்ணை மேடாக வையுங்கள். தூர் தடித்ததும் பிரித்து நடலாம். என் வாளியிலிருந்து இதுவரை மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.