திரை வாங்கப் போன கதை

வெள்ளவத்தையில் வசிக்கும் எமது நண்பரொருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தம் மகனையும் அழைத்துக்கொண்டு எமது இல்லத்துக்கு வந்தார். தேநீரைத் தொடுமுன்னரே, “இவனுக்கு நீங்கள்தான் ஒரு புத்தி சொல்லவேணும்” என்றார். பையன் உயர்தர வகுப்பில் பயில்பவன், கெட்டிக்காரன். அவன் செய்த குற்றம் யாதெனில், கணினிக்குப் புதிய திரையொன்று வேண்டுமெனக் கேட்டதேயாம். அதுவும் சாதாரணத் திரையன்று. 32 அங்குல அளவும், 4கே நுட்பமும், 240 ஹேர்ட்ஸ் வேகமும் உடைய ஓ.எல்.ஈ.டி. திரை.

“காசு அக்கா தாறா மாமா. அப்பாவுக்கு ஒரு சதமும் செலவில்லை” என்றான் பையன்.

நண்பருக்கு அதுவே மனவருத்தம். அவருடைய மூத்த மகள் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனியொன்றுக்குக் கணக்கு எழுதுபவள். நாளொன்றுக்கு எட்டு மணிநேரம், பழைய 22 அங்குலத் திரையொன்றின் முன் அமர்ந்து எண்களையே பார்த்துக்கொண்டிருப்பவள். மாலையில் தலைவலி என்று படுத்துவிடுவாளாம். ஈராண்டாகச் சேர்த்த பணத்தில், தன் வேலைக்கும் தம்பியின் விளையாட்டுக்கும் பொதுவாக ஒரே திரையை நல்லதாக வாங்கிவிடுவோம் என்று அவளே கூறியிருக்கிறாள். எதை வாங்குவது என்பதைத் தம்பியிடமே விட்டுவிட்டாள். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பமாயிற்று.

கணினி விளையாட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் பலருளர். இது நேற்று முளைத்த பழக்கமன்று என்பதை அவர்கள் அறிதல் நன்று. 1958 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிக அறிஞர், ஆய்வுகூடத்தைப் பார்க்கவரும் பொதுமக்கள் சலிப்படையாதிருக்கும்பொருட்டு, அலைகாட்டிக் கருவியொன்றின் ஐந்தங்குலத் திரையிலே ரென்னிஸ் விளையாட்டொன்றை அமைத்துக் காட்டினார். அந்த ஒளிப்புள்ளியை அடித்து விளையாட மக்கள் வரிசையில் நின்றனர். அன்று தொட்டு இன்றுவரை விளையாடுவோர் கேட்பது ஒன்றே: கை அசைந்த கணத்திலேயே கண்ணுக்கு அது தெரியவேண்டும்.

பையன் கேட்ட 240 ஹேர்ட்ஸின் பொருளும் இதுவே. சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். அதாவது ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி நிற்கும். 144 ஹேர்ட்ஸ் திரையில் அது 6.9 மில்லிவினாடி, 240 இல் 4.2. கணக்கைக் கூர்ந்து நோக்குக. 60 இலிருந்து 144 க்கு ஏறும்போது பத்து மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவாக இலாபம் கிடைக்கிறது. 144 இலிருந்து 240 க்கு ஏறும்போது மூன்றுகூட இல்லை. முதலாவது மாற்றத்தை எவரும் உணர்வர். சுட்டியை மேசையில் நகர்த்தினாலே தெரியும். இரண்டாவதை, போட்டிகளில் ஆடும் தேர்ந்த கண்கள் உணரும். பையன் தான் உணர்வதாகச் சத்தியம் செய்தான். நாம் மறுக்கவில்லை. “அந்த வேகத்துக்குப் படம் வரைந்து கொடுக்க உன் கணினியால் முடியுமா?” என்றுமட்டும் கேட்டோம்.

4கே என்னும் திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 என 82,94,400 புள்ளிகள் உள்ளன. பழைய முழு எச்.டி. திரையில் 20,73,600 மாத்திரமே. நான்கு மடங்கு வேலை. பையனுடைய கணினியில் இருப்பது நடுத்தர வரைகலை அட்டை. புதிய பெரிய விளையாட்டுகளில் 4கே படத்தை வினாடிக்கு 60 முறை தருவதற்கே அது மூச்சுத்திணறும். சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உபாயத்தைக் கையாண்டாலும் 240 ஐ எட்டாது. இரட்டை மாட்டு வண்டிக்கு ஒரு கன்றைப் பூட்டிவிட்டு வேகம் போதாது என்று வருந்துவதிற் பயனில்லையன்றோ! பையன் சற்று மௌனமானான். பின், “சரி மாமா, 240 வேண்டாம். ஆனால் ஓ.எல்.ஈ.டி. தான் வேணும்” என்றான்.

அவனைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. அவ்வகைத் திரையின் அழகு அத்தகையது. ஏனைய திரைகளில் பின்னாலிருந்து ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கருமையைக் காட்டவேண்டிய இடத்தில் அவ்வொளியை மறைக்க முயலுமேயன்றி முற்றாக மறைக்க முடியாது. ஓ.எல்.ஈ.டி. இல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கருமை வேண்டுமிடத்துப் புள்ளி அணைந்துவிடும். அமாவாசை இரவு அமாவாசை இரவாகவே தெரியும். நிறம் மாறும் வேகத்திலும் அதற்கு நிகரில்லை. கொடாக் கம்பனி ஆய்வாளர்களான சிங் டாங், ஸ்ரீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த நுட்பம் இது. விளையாடுவோருக்கான கணினித் திரைகளிலே அது பரவலானது 2022 இன் பின்னரே.

நாமும் முதலில் அதற்கே சம்மதம் சொல்லிவிட்டோம் என்பதை ஒளிக்காமற் கூறுகிறோம். நண்பருக்கு எம்மீது கோபம். மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று, திரை வைக்கப்படவிருந்த அறையைப் பார்த்த பின்னரே எமது அவசரம் எமக்குப் புலப்பட்டது.

கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல். காலை வெயில் மேசையில் நேராக விழுகிறது. அதன் முன் மகள் அமர்ந்து, கணக்கு அட்டவணையொன்றை விரித்து வைத்திருந்தாள். மேலே ஒரே கருவிப்பட்டை, இடப்பக்கம் ஒரே எண்வரிசை, சுற்றிலும் வெண்மை. காலை எட்டரை தொடக்கம் மாலை வரை அந்தக் கோடுகள் அசைவதில்லை. ஓ.எல்.ஈ.டி. புள்ளிகள் எரிய எரியத் தேய்பவை. அசையாத உருவம் நெடுநேரம் ஓரிடத்தில் நின்றால், அவ்விடத்துப் புள்ளிகள் மற்றவற்றினும் விரைவாகத் தேய்ந்து, பின்னர் எப்படம் வந்தாலும் அதன் அடியில் பழைய கோட்டின் சாயை தெரியத் தொடங்கும். உற்பத்தியாளர் இதைத் தணிக்கப் பல உபாயங்கள் செய்துள்ளனர். சிலர் மூன்றாண்டு உத்தரவாதமும் தருகின்றனர். இரவில் இரண்டு மணிநேரம் விளையாடி, ஒரு படமும் பார்க்கும் வீட்டுக்கு நாம் அதையே தயங்காமற் சிபாரிசு செய்வோம். நாள்முழுவதும் கணக்கேடு விரிந்திருக்கும் வீட்டுக்கு மனம் துணியவில்லை.

வெயிலும் ஒரு விஷயம். ஓ.எல்.ஈ.டி. இல் ஒருவகைப் பலகை, வெளிச்சமான அறையில் தன் கருமையை இழந்து சாம்பல் நிறமாகத் தோன்றும். எதற்காக அந்த விலை கொடுக்கிறோமோ அதுவே பகலில் காணாமற் போய்விடும்.

எழுத்தின் கூர்மைதான் எம்மை முற்றாகத் திருப்பியது. மகள் தமிழிலும் கடிதங்கள் தட்டெழுதுபவள். அவளுடைய பழைய திரையில் சிற்றெழுத்தில் ‘க’ வும் ‘க்’ கும் ஒன்றுபோலவே தோன்றின. புள்ளி எழுத்தோடு ஒட்டி மங்கிவிடுகிறது. ‘ண’, ‘ன’ க்களின் சுழிகள் கலங்கிவிடுகின்றன. ஆங்கில எழுத்துக்குப் போதுமான நுட்பம் நம் எழுத்துக்குப் போதாது. 27 அங்குலத் திரையில் 1440 வரிகள் இருந்தால் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் வரும்; அதே அளவில் 4கே ஆனால் 163. பையன் கேட்ட 32 அங்குலத்தில் 4கே என்றாலும் 138 தான். எனவே திரையைச் சிறிதாக்குவதால் நட்டமன்று, இலாபமே என்றோம். மேலும், ஓ.எல்.ஈ.டி. திரைகள் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் வழக்கமான ஒழுங்கில் அமையாமையால், எழுத்தின் விளிம்பிலே மெல்லிய நிறக்கரை தோன்றும். விளையாட்டில் அதைக் காணமாட்டோம். எட்டு மணிநேரம் வாசிப்பவள் காண்பாள்.

“அப்ப அக்காவின்ர கண்ணைப் பார்க்கிறதா, என்ர விளையாட்டைப் பார்க்கிறதா?” என்றான் பையன். அக்காள் ஒன்றும் பேசவில்லை. அவன் அவளுடைய நாற்காலியில் அமர்ந்து, அந்தப் பழைய திரையில் அவள் எழுதிய கணக்கைச் சிறிதுநேரம் வாசித்தான். பின் எழுந்து, “வேற என்ன இருக்கு மாமா?” என்று கேட்டான்.

வேறு வகைகள் இரண்டுண்டு. வி.ஏ. என்பது கருமையை நன்கு காட்டும். ஆயின் இருண்ட காட்சிகளில் ஓடும் உருவத்தின் பின்னே புகைபோல ஒரு வால் நீளும். ஐ.பி.எஸ். என்பது கருமையிற் சற்றுக் குறைவு. இருட்டறையில் மூலைகள் வெளிறித் தெரியும். ஆனால் நிறம் நேர்மையானது, எப்பக்கமிருந்து பார்த்தாலும் மாறாது, எழுத்துத் தெளிவானது, நாள்முழுதும் எரிந்தாலும் சாயை படியாது. 27 அங்குலம், 4கே, ஐ.பி.எஸ்., 144 ஹேர்ட்ஸ்: இதுவே எமது தீர்ப்பாயிற்று. விலையும் ஓ.எல்.ஈ.டி. ஐவிடக் கணிசமாகக் குறைவு.

அடுத்த சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் கடை கடையாக ஏறியிறங்கினோம். பெட்டியின்மீது அச்சிட்ட சொற்களைக் கண்டு மயங்கவேண்டாம் எனப் பையனுக்கு முன்னரே கூறியிருந்தோம். “1 மில்லிவினாடி” என்பது பெரும்பாலும் திரையை மிகையாக முடுக்கிவிட்டுப் பெற்ற எண். அந்நிலையில் விளையாடினால் உருவங்களைச் சுற்றி வெள்ளை நிழல் தோன்றும். “எச்.டி.ஆர். 400” என்ற முத்திரையும் அத்தகையதே. பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாமலே அதனைப் பெறலாம். அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கலாகாது. வரைகலை அட்டையின் வேகத்துக்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியோ மிகவும் வேண்டப்படுவது. என்விடியா 2013 இலும் ஏ.எம்.டி. 2015 இலும் இதனைக் கொணர்ந்தன. இன்று நல்ல திரை எதிலும் உண்டு. நடுத்தர அட்டை வைத்திருப்போருக்கே அதனால் நன்மை அதிகம்.

கடைக்காரர் ஒளிரும் மலர்களையும் கடல்மீன்களையும் ஓடவிட்டுக் காட்டினார். எத்திரையிலும் மீன் அழகுதான். நாம் மகளுடைய கணக்கேட்டையும் ஒரு தமிழ்க் கடிதத்தையும் கொண்டுபோய்த் திறந்து பார்த்தோம். முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் வரவழைத்து, செத்த புள்ளி ஏதுமுண்டோ என்று தேடினோம். தாங்கி மேலே கீழே நகருமா என்று பார்த்தோம். அக்காளுக்கும் தம்பிக்கும் உயரத்தில் அரை அடி வித்தியாசம். பழுதானால் திருத்துபவர் இலங்கையிலேயே உண்டா, வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டுமா என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கினோம். கடைக்காரருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எமது சொந்த அவமானத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்குமுன் நாம் 144 ஹேர்ட்ஸ் திரையொன்று வாங்கி, எட்டு மாதம் பெருமையோடு பாவித்தோம். ஒருநாள் எமது மருமகன் வந்து பார்த்துவிட்டு, அது 60 இலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்றான். கணினியின் அமைப்பில் எண்ணை மாற்றவேண்டும் என்பதை நாம் அறிந்திலோம். பழைய கேபிளையும் பாவித்திருந்தோம். எச்.டி.எம்.ஐ. 2.0 கேபிள் 4கே படத்தை 60 க்குமேல் முழுமையாகக் கொண்டுசெல்லாது, 2.1 வேண்டும், அன்றேல் டிஸ்பிளே போர்ட் வேண்டும்.

திரை வீடு வந்த அன்று மாலை நாமும் போயிருந்தோம். பையன் பெட்டியைப் பிரித்ததும் முதலிற் செய்தது அந்த எண்ணை 144 ஆக மாற்றியதே; எம்மைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். பின்னர் விளையாட்டைத் திறப்பான் என்று எதிர்பார்த்தோம். அவனோ தகப்பனாரை அழைத்து, மேசையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னான். இருவருமாக அதை ஜன்னலுக்கு எதிரேயிருந்து பக்கச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார்கள்.

“நாளைக்குக் காலமை வெயில் அடிக்காது அக்கா” என்றான்.