இலை சேர்த்த டாக்டரும் உமரிக்கீரையும்



சாமுவேல் பிரவுன் என்றொரு மருத்துவர். இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்து, 1690களில் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். ஊசி மருந்து இல்லாத காலம். செடிதான் மருந்து. அதனால் சென்னையைச் சுற்றியிருந்த செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிச் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் நம் ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையும், அது எந்த நோய்க்கு ஆகும் என்பதையும் எழுதினார். அன்று அவர்கள் தமிழை 'மலபார்' என்பார்கள். லண்டனில் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரர் அவற்றை விவரித்து ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார். பெட்டிவர் 1718இல் இறந்ததும் அவருடைய சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். இவரும் மருத்துவர்தான், பெரிய சேகரிப்புப் பைத்தியம்! இன்று அந்த இலைகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரவுன் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. 1693இல் வீலர் என்ற கவுன்சில் உறுப்பினருக்கு முத்துப் பொடி அரைத்துக் கொடுத்தபோது, முன்பு பாஷாணம் அரைத்த கல்வத்தைச் சரியாகக் கழுவாததால் அவர் இறந்தே போனார். வழக்கு நடந்து பிரவுன் விடுதலையானார்.

வெள்ளைக்காரன் அள்ளிக்கொண்டு போனான் என்று கோபப்படுவது எளிது. எனக்கும் ஒரு கோபம் உண்டு. பெயர் சொல்லி, பயன் சொல்லிக் கொடுத்த நம் வைத்தியர் யார்? வரலாற்றில் நிற்பது பிரவுனும் பெட்டிவரும்தானே. ஆனால் அவர்கள் எழுதியாவது வைத்தார்கள். நாம்?

முப்பது வருடம் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். இலை சேகரித்து வா என்றால் பிள்ளைகள் கடையில் வாங்கிய குரோட்டன்ஸ் இலையை ஒட்டி வருவார்கள். நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட் லாரிகளுக்கு நடுவே ஓரம் பார்த்து நடக்கும் பிள்ளை வேறு எந்த இலையைப் பறிக்கும், சொல்லுங்கள்.

எண்ணூர் கழிமுகத்தில் உமரியும் கண்டலும் இன்னும் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததே, அந்தச் சேற்றில்தான். ஆற்றில் மீன் போனதைப் பற்றி ஊரே பேசியது, பேசத்தான் வேண்டும். கரையில் என்ன செடி நின்றது, எது கருகியது என்பதற்கு நம் பள்ளிகளில் ஒரு தாளாவது உண்டா? வடசென்னைப் பள்ளி ஒவ்வொன்றிலும் பழைய செய்தித்தாளும் நூலும் கொண்டு ஒரு தொகுப்பு தொடங்கலாம். செலவே கிடையாது. ஊர்ப் பெயர், பறித்த இடம், தேதி, பெயர் சொன்னவர் யார், இவ்வளவு எழுதினால் போதும்.

போன ஞாயிறு பேரனை உட்கார வைத்து ஒரு நோட்டு போட்டேன். முதல் பக்கம் உமரி. மீன் விற்கும் எங்கள் தெரு ஆயா பெயரைச் சொல்லிவிட்டு, "உப்பு போடாம கடையணும் சார், அதுலயே இருக்கு" என்றார். அதையும் எழுதி, கீழே அவர் பெயரையும் போட்டிருக்கிறோம். அடம்பங்கொடி இன்னும் காயவில்லை, தலையணைக்கு அடியில் இருக்கிறது.