ஹார்ட் ராக் கஃபேக்கு முதலாளி ஒரு பூர்வகுடி அரசு: செமினோல் தன்னாட்சி எப்படி நடக்கிறது?

ஆபீஸில் யாராவது ஒருத்தர் வெளிநாடு போய் வந்தால், ஊர்ப் பெயர் அச்சடித்த ஹார்ட் ராக் கஃபே டி-ஷர்ட் ஒன்று நிச்சயம் வந்துவிடும். அந்த பிராண்டின் சொந்தக்காரர் யார் தெரியுமா? அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் செமினோல் பூர்வகுடி அரசு. பிரிட்டனின் ராங்க் குழுமத்திடமிருந்து 96.5 கோடி டாலருக்கு வாங்குவதாக 2006 டிசம்பரில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு கைக்கு வந்தது.

பழங்குடிக்கு ஏது அரசு என்று தோன்றலாம். அமெரிக்கச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பூர்வகுடிகள் ஒவ்வொன்றும் தனி அரசு. கூட்டாட்சி அரசுக்கு உட்பட்டவைதான். ஆனால் மாநில அரசு அவர்கள் நிலத்துக்குள் நினைத்தபடி கைவைக்க முடியாது. சொந்த அரசியல் சட்டம், தேர்தல், போலீஸ் எல்லாம் உண்டு.

இது யாரும் தட்டில் வைத்துக் கொடுத்த உரிமை அல்ல. 1817 முதல் 1858 வரை அமெரிக்க ராணுவம் செமினோல்கள் மீது மூன்று போர்கள் நடத்தியது. பெரும்பாலானவர்களை இன்றைய ஓக்லஹோமா பகுதிக்குத் துரத்தினார்கள். சில நூறு பேர் மட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். சமாதான ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்தே போடவில்லை. ஃப்ளோரிடா செமினோல்கள் இன்றும் தங்களை ‘வெல்லப்படாதவர்கள்’ என்று சொல்லிக்கொள்வது அதனால்தான்.

துப்பாக்கி போய் ஃபைல் வந்தது

அடுத்த ஆபத்து 1953இல் வந்தது. பூர்வகுடிகளின் தனி அந்தஸ்தை ரத்து செய்து, அவர்களைச் ‘சாதாரணக் குடிமக்கள்’ ஆக்கும் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கேட்க நல்லாத்தான் இருக்கும். நடைமுறையில், பொது நிலமும் அதற்கான பாதுகாப்பும் போய்விடும். ஃப்ளோரிடா பூர்வகுடிகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வாஷிங்டன் வரை போய் வாதாடித் தடுத்தார்கள். அப்படியே விட்டால் இன்னொரு நாள் இதே கத்தி வரும் என்று புரிந்தது. 1957 ஆகஸ்டில் அரசியல் சட்டம் ஒன்றை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஆதரவு 241, எதிர்ப்பு 5. (இந்த ஏற்பாட்டில் சேராதவர்கள் மிக்கசூக்கி என்ற தனிப் பூர்வகுடியாக 1962இல் அங்கீகாரம் பெற்றார்கள்.)

அன்று போட்ட அமைப்பில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. நிர்வாகத்தையும் பிசினஸையும் பிரித்துவிட்டார்கள். சட்டம், கல்வி, சுகாதாரம் எல்லாம் ஐந்து பேர் கொண்ட பூர்வகுடி மன்றத்திடம். வியாபாரத்துக்குத் தனி இயக்குநர் குழு. மன்றத்தின் தலைவர் குழுவுக்குத் துணைத் தலைவர். குழுவின் தலைவர் மன்றத்துக்குத் துணைத் தலைவர். ஒருவரை ஒருவர் கண்காணிக்கிற மாதிரி. பத்தே ஆண்டுகளில், 1967இல், பெட்டி மே ஜம்பர் என்ற பெண்ணை மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பணம் வந்தது 1979 டிசம்பரில், ஹாலிவுட் ஊரில் திறந்த ஒரு பிங்கோ அரங்கிலிருந்து. (கலிஃபோர்னியா ஹாலிவுட் இல்லை, ஃப்ளோரிடாவிலும் ஒன்று இருக்கிறது.) மாநிலச் சட்டப்படி வாரத்துக்கு இரண்டு நாள்தான் பிங்கோ, உச்சப் பரிசு 100 டாலர். செமினோல்கள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. உள்ளூர் ஷெரிஃப் மூடப் பார்த்தார். 1981இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஃப்ளோரிடா பிங்கோவைக் குற்றம் என்று தடை செய்யவில்லை, ஒழுங்குபடுத்த மட்டுமே செய்கிறது, அந்த ஒழுங்குமுறை பூர்வகுடி நிலத்தில் செல்லாது. அமெரிக்கா முழுக்க இன்று நடக்கும் பூர்வகுடி கேசினோ தொழிலுக்கு வழி திறந்த தீர்ப்புகளில் இது முக்கியமானது.

2021இல் ஃப்ளோரிடா அரசோடு போட்ட 30 ஆண்டு ஒப்பந்தத்தில், முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்தது 250 கோடி டாலர் மாநிலத்துக்குத் தர செமினோல்கள் ஒப்புக்கொண்டார்கள். துரத்தப்பட்டவர்களிடம் இன்று மாநில அரசே பங்கு கேட்டு நிற்கிறது.

ஓக்லஹோமாவில் வேறு கதை

துரத்தப்பட்டவர்களின் சந்ததி ஓக்லஹோமாவில் தனி அரசாக இருக்கிறது. தலைநகர் வீவோகா. அவர்களின் பேரவையில் 14 குழுக்களுக்குப் பிரதிநிதித்துவம் உண்டு. அதில் இரண்டு, ‘ஃப்ரீட்மென்’ எனப்படும் கறுப்பின செமினோல்களுடையவை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து செமினோல்களோடு வாழ்ந்தவர்கள், அவர்களோடு சேர்ந்து போரிட்டவர்கள், அவர்களோடே துரத்தப்பட்டவர்கள். அவர்களின் வாரிசுகள் இவர்கள். செமினோல் அரசு 1866இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இவர்களுக்குச் சம உரிமை தந்தது.

ஆனா காசு வந்தபோது கணக்கு மாறியது. 1823இல் ஃப்ளோரிடாவில் பறித்த நிலத்துக்காக 1976இல் சுமார் 1.6 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. 1990இல் பிரிக்கும்போது அது வட்டியோடு 5.6 கோடி. ஃப்ரீட்மென்னுக்கு அதில் பங்கு இல்லை. வழக்குப் போட்டார்கள். செமினோல் அரசைத் தரப்பாகச் சேர்க்காமல் வழக்கு நடக்காது; இறையாண்மை உள்ள அரசை அதன் சம்மதமில்லாமல் சேர்க்கவும் முடியாது என்று வழக்கு தள்ளுபடியானது. 2000இல் அவர்களை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்க வாக்கெடுப்பு நடந்தது. வாஷிங்டன் அதை ஏற்க மறுத்த பிறகுதான் மீண்டும் சேர்த்தார்கள். 2021இல் கோவிட் தடுப்பூசிக்கு வந்த ஃப்ரீட்மென் சிலரைப் பூர்வகுடிகளுக்கான கூட்டாட்சி மருத்துவமனை திருப்பி அனுப்பிய செய்தி வெளியானது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் அவர்களுக்கும் சிகிச்சை உரிமை உண்டு என்று அறிவிப்பு வந்தது.

‘எங்க உறுப்பினர் யார் என்பதை நாங்களே முடிவு செய்வோம்’ என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். 1978இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்ற உரிமைதான் அது, பொய்யில்லை. ஆனால் வீவோகாவின் அரசு நிற்பதே வாஷிங்டனோடு போட்ட ஒப்பந்தங்களின் மேல். தனக்குச் சாதகமான வரியை மட்டும் படித்துவிட்டு, 1866இன் வரியைத் தாண்டிப் போவது சரியாக இல்லை. வாஷிங்டன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதும் சரியில்லை. தன்னாட்சிக்காக இத்தனை காலம் போராடியவர்கள் வெளியாரின் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. அதே ஓக்லஹோமாவில் உள்ள செரோக்கி அரசின் சொந்த உச்ச நீதிமன்றம், 2021 பிப்ரவரியில் தன் அரசியல் சட்டத்திலிருந்து ‘ரத்த வழியில்’ என்ற சொற்களை நீக்கியது. செமினோல் பேரவையில் ஃப்ரீட்மென் பிரதிநிதிகள் இன்றும் உட்கார்ந்து வாக்களிக்கிறார்கள். பல நலத்திட்டங்களில் விண்ணப்பம் போடும்போது மட்டும் அவர்கள் வெளியாட்கள்.